வானுக்குள் போடாத சட்டம்

முதல் நாள் கரையில் நின்றவர்கள் நான்கு பேர்: நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுகிற குழுத் தலைவர், பாசிகளின் பெயரெல்லாம் பாடமாக வைத்திருந்த உடுவில் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, வாகனச் சாரதி, நான். வராதவர்களின் பட்டியல் கொஞ்சம் நீளம். ஆய்வுத் திட்டத்தை எழுதிய நிபுணர் வரவில்லை. அவர் வேறொரு கண்டத்தில் இருந்தபடி கைத்தொலைபேசியில் அவ்வப்போது தோன்றி, படம் தெளிவில்லை என்று சொல்லி மறைந்துகொண்டிருந்தார். தொடக்கிவைக்க வருவதாயிருந்த மேலதிகாரியும் வரவில்லை. கடலைப் பாதுகாப்பது பற்றி அன்று அவருக்கு ஹோட்டலில் கூட்டம். அந்தக் கரையில் தொழில் செய்கிறவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்திருந்தோம். ஆங்கிலத்தில்.

வலிகாமத்தின் வடகரையில், இராணுவம் நெடுங்காலம் பிடித்துவைத்திருந்து பிறகு விட்டுப்போன துண்டு அது. சனங்கள் திரும்பி வந்தபோது வீடுகளில் சுவர் இருந்தால் கூரை இல்லை, கூரை இருந்தால் கதவு இல்லை. ஆனால் அத்தனை ஆண்டும் யாரும் தொழிலுக்கு இறங்காததால் கடற்கல் மட்டும் உயிர்பிடித்துக் கொழுத்துக் கிடந்தது. "நீண்டகாலம் மனிதத் தலையீடு அற்றிருந்த பகுதி" என்று எங்கள் திட்ட அறிக்கை அதைப் பாராட்டியது. தலையீடு எப்படி அற்றுப்போனது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் விட்டிருக்கவில்லை.

மூன்று கிலோமீற்றர் கரையைக் கடலுயிர்களுக்கான ஒதுக்கிடம் என்று அரச வர்த்தமானியில் போட்டாயிற்று. அதற்குள் ஒரு துண்டை மட்டும் ஆளோ வள்ளமோ நுழையாதபடி முற்றாக மூடவேண்டும். எந்தத் துண்டு என்பதை எங்கள் எண்ணிக்கை தீர்மானிக்கும். எங்கே உயிர் அடர்த்தியோ அங்கே கோடு விழும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சண்டிலிப்பாயில் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் கட்டுகிற குடும்பம். பட்டம் எடுத்து, இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்து, கடைசியில் இந்த ஒப்பந்த வேலை கிடைத்தபோது அம்மாவுக்கு விளக்கினேன்.

"கல்லிலை என்னென்ன உயிர் இருக்குதெண்டு எண்ணுறது, அம்மா."

"எண்ணி?"

"எழுதிக் குடுக்கிறது."

"குடுக்க?"

"அவை அதைப் பாதுகாப்பினம்."

அம்மா வெங்காயத்தைத் தட்டியபடி கொஞ்சம் யோசித்தார். "சம்பளம் கந்தோரிலை தருவினமோ, கல்லிலை தருவினமோ?" என்று கேட்டார்.

அந்த எண்ணிக்கைக்கு ஒரு முறை உண்டு. பீவிசிக் குழாயால் அரை மீற்றர்ச் சதுரம் ஒன்று செய்து, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டவேண்டும். அதைக் கல்லில் வைத்து, உள்ளே அகப்படுகிற நத்தை, நண்டு, பாசி, கூம்புத் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பி என்று எல்லாவற்றையும் எண்ணவேண்டும். புத்தகத்தில் அதற்குச் சதுரச் சட்டகம் என்று பெயர். எங்கள் குழுவில் நாங்கள் சட்டம் என்றுதான் சொன்னோம். வெயிலில் குனிந்து நிற்கிறவனுக்கு ஓரெழுத்துக் குறைந்தாலும் ஆறுதல்தான்.

நிபுணரின் திட்டப்படி கரையை மேல், நடு, கீழ் என்று மூன்று வலயமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது பத்து மீற்றர் விடவேண்டும். அவருடைய நாட்டில் கடல் வற்றினால் பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு நிலம் வெளிக்கும் போலிருக்கிறது. எங்கள் கடல் வற்றினால் முழங்கால் அளவு இறங்கும், அதுவும் மனமிருந்தால். மேல் வலயத்தில் தலைவைத்துப் படுத்தால் கீழ் வலயத்தில் கால் நனையும். நான் படமெடுத்து அனுப்பினேன். "வலயங்களைக் கண்டிப்பாகப் பின்பற்றவும்" என்று பதில் வந்தது. சேர் உடனே வழி கண்டார். ஒரே கல்லின் உச்சிக்கு மேல் என்றும் விலாவுக்கு நடு என்றும் அடிக்குக் கீழ் என்றும் பெயர் வைத்தார். பத்து மீற்றரை மட்டும் அறிக்கையில் விட்டுக்கொண்டோம்.

சட்டம் போடவேண்டிய முப்பது இடங்களும் மூன்று கிலோமீற்றருக்கும் பரந்து, எழுமாறாக, அதாவது குலுக்கல் முறையில், தெரிவுசெய்யப்பட்டு, பட்டியலாக வந்திருந்தன. முதலாவது இடம் கிழக்கு அந்தலையில். அங்கே கல் கறுத்து, பல்லுப் பல்லாய்த் துருத்திக்கொண்டு நிற்கும். இடையிலெல்லாம் பச்சைப் பாசி. சேர் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு வந்திருந்தார். நான்காவது அடியில் பாசிமேல் குந்தினார். குந்தவேண்டுமென்று குந்தியதல்ல. எழும்பியபோது சப்பாத்தின் ஒரு பக்கம் பச்சையாயிருந்தது. அந்த நிமிடத்திலிருந்து ஆய்வு முறையில் ஒரு திருத்தம் வந்தது: "அணுகக்கூடிய இடங்கள்."

அணுகக்கூடிய இடம் அந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான், வான். வான் என்றால் முருகைக்கல் என்கிற பவளப் பாறைக்கு நடுவே வள்ளம் கடலுக்குப் போய்வருகிற ஓடை. இரண்டு வள்ளம் உரசாமல் விலகும் அகலம். இருபத்துமூன்று வள்ளங்களுக்கும் அதுதான் ஒரே வாசல். அடுத்த வான் ஆறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அது வேறு சங்கத்துக்குரியது, அங்கே இவர்களை ஒட்டவிடமாட்டார்கள். வள்ளம் இழுக்க வசதியாகச் சனங்கள் வானின் இரண்டு பக்கக் கல்லிடுக்கையும் மண்ணும் சீமெந்தும் போட்டு நிரவியிருந்தார்கள். சேரின் சப்பாத்துக்கு அது பொருத்தமாயிருந்தது. முப்பது சட்டத்தில் இருபத்திரண்டு அந்தக் கரையிலேயே விழுந்தன, மிச்சம் எட்டும் அதை ஒட்டி. எழுமாறாக.

உயிரும் அங்கேதான் மொய்த்துக் கிடந்தது. அதில் அதிசயமில்லை. வலை கழுவுகிற இடம் அது. செதிளும் குடலும் நாளாந்தம் விழ, நண்டும் நத்தையும் கல்யாண வீட்டுக்கு வந்த ஆட்கள்போலத் தின்று பெருத்திருந்தன. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். உடுவில் பிள்ளை பாசியின் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். சாரதி அண்ணை மட்டும் இடைக்கிடை வந்து, "உதைத் தின்னலாமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஆய்வில் யாரும் கேட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் நேரானது.

இரண்டாம் நாள் பத்து மணியளவில் ஆட்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். முன்னால் சாரத்தை மடித்துக் கட்டியபடி கடற்றொழிலாளர் சங்கத் தலைவர்.

"ஆர் நீங்கள்? எந்தக் கந்தோர்?"

சேர் ஆங்கிலக் கடிதத்தை நீட்டினார். தலைவர் அதை வாங்கி, மறுபக்கம் திருப்பி, அங்கே ஒன்றுமில்லை என்று கண்டு, திரும்பக் கொடுத்தார்.

"கடலட்டைப் பண்ணைக்குக் கரை பிடிக்கவோ அளக்கிறியள்?"

சேர் என்னைப் பார்த்தார். மக்களோடு மக்கள் மொழியில் கதைக்கத்தான் உம்மை எடுக்கிறோம் என்று நேர்முகப் பரீட்சையில் சொல்லியிருந்தார்கள். நான் முன்னால் வந்தேன்.

"பயப்பிடாதையுங்கோ, ஐயா. அட்டையும் இல்லை, ஒண்டும் இல்லை. நாங்கள் இந்தக் கரையிலை முப்பது இடத்திலை சட்டம் போடுறம். அவ்வளவுதான்."

தலைவர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பது சட்டமோ?"

"ஓம் ஐயா. பன்ரெண்டு போட்டு முடிஞ்சுது."

"ஆரைக் கேட்டுப் போட்டனியள்?"

"கேக்கத் தேவையில்லை, ஐயா. போட்டுட்டு, உள்ளுக்கை அகப்பட்டதுகளை எண்ணிப்போட்டு, எடுத்துக்கொண்டு போயிடுவம்."

பின்னால் நின்ற ஒரு இளந்தாரி முன்னுக்கு வந்தான். "அகப்பட்ட ஆக்களை எங்கை கொண்டு போவியள்?"

"கொழும்புக்கு. எல்லாத்தையும் இல்லை, மாதிரிக்குக் கொஞ்சம். ஸ்பிரிட்டிலை போட்டு."

"எங்கடை ஆக்களிலை கொஞ்சப்பேர் ஏற்கெனவே ஸ்பிரிட்டிலைதான் கிடக்கினம்" என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் ஆட்களைக் கொழும்புக்குக் கொண்டுபோவதைப் பற்றிச் சிரிக்கிற வழக்கம் இல்லை. தலைவர் சாரத்தை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினார். உடுவில் பிள்ளை இரண்டடி பின்னுக்குப் போனாள். சேர் வாகனம் நின்ற தூரத்தைக் கண்ணால் அளந்தார். அந்த இரண்டு நாளில் அவர் எடுத்த மிகத் துல்லியமான அளவு அதுவாகத்தான் இருக்கும்.

காப்பாற்றியது சாரதி அண்ணை. குழாய்ச் சதுரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார். "அண்ணையவை, பொறுங்கோ! உவன் சொல்லுறது உந்தச் சட்டம்! குழாய்ச் சட்டம்!"

தலைவர் அதை வாங்கினார். நூலைச் சுண்டிப் பார்த்தார். பிறகுதான் சிரிப்பு வந்தது, எல்லோருக்கும் ஒரேயடியாக. ஸ்பிரிட்டு என்று சொன்ன மனுசன் நூலை விலக்கித் தன் தலையை அதற்குள் நுழைத்து, "நான் இப்ப சட்டத்துக்குள்ளை நிக்கிறன். எண்ணுங்கோ பாப்பம்" என்றார்.

"எந்த ஊர் தம்பி நீர்?" தலைவர் என்னைக் கேட்டார்.

"சண்டிலிப்பாய்."

"அதுதானே பாத்தன். நீர் கடலைக் குழம்புச் சட்டிக்குள்ளை கண்டிருப்பீர்."

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை நல்லது. அதன் பிறகு தலைவர் சும்மா கதைபோல, எண்ணி முடித்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். நானும் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல முழுவதையும் சொன்னேன். எங்கே கூட இருக்கிறதோ அந்த இடம் மூடப்படும் என்றேன்.

"இதுவரைக்கும் எங்கை கூட?"

"இதிலைதான், ஐயா. வான் கரையிலை."

சிரிப்பு நின்றது. அவர் வானைப் பார்த்தார். ஒரு வள்ளம் உள்ளே வந்துகொண்டிருந்தது. என்ஜினை நிறுத்தி, கம்பால் ஊன்றி, அவசரமில்லாமல் வந்தது. அது கரை தொடும்வரை தலைவர் கண்ணெடுக்கவில்லை.

பிறகு சேரைப் பார்த்துத் திரும்பினார். "சரி சேர். எங்கடை வானுக்குள்ளை மட்டும் உதைப் போடாதையுங்கோ."

"வானுக்குள்ளை தண்ணிதானே. அதுக்குள்ளை நாங்கள் போடுறதே இல்லை" என்றார் சேர். தண்ணீருக்குள் இறங்கவேண்டியதில்லை என்று அவருக்குச் சந்தோசம்.

"அப்ப எழுத்திலை தாருங்கோ."

எழுதுகிற வேலை எனக்கு வந்தது. வாகனத்தின் முன்மூடியில் தாளை வைத்து, நல்ல கையெழுத்தில், "வானுக்குள் சதுரச் சட்டகம் வைக்கப்படமாட்டாது" என்று எழுதினேன். தலைவர் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

"உதென்ன சட்டகம்? கிட்டகம்? சங்கத்திலை வாசிச்சால் ஒருத்தருக்கும் விளங்காது. நீர் வாயாலை சொன்ன சொல்லை எழுதும்."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. படித்தவன் என்று காட்ட எழுதிவிட்டேனே என்று. புதுத் தாள் எடுத்து எழுதினேன்: "வானுக்குள் சட்டம் போடப்படமாட்டாது." மக்கள் மொழி. கீழே சேர் கையெழுத்து வைத்தார். அவருடைய பதவி முத்திரை எப்போதும் பையிலிருக்கும்; கல்லில் விழுந்தபோதும் முதலில் தடவிப் பார்த்தது அதைத்தான். அதையும் குத்தினார். தலைவர் தாளை ஊதி மை காயவைத்து, நான்காக மடித்து, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

தெரிந்துதான் அந்தச் சொல்லை எழுதினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

சில மாதங்களில் வரைபடம் வந்தது. உயிர் அடர்த்தியான இடம் சிவப்பு. சிவப்பு வானின் இரண்டு பக்கத்தையும் மூடி, நடுவிலிருந்த தண்ணீரையும் சேர்த்து, சரியாக அந்த வாசலில் பொட்டு வைத்ததுபோல விழுந்திருந்தது. நான் அதைக் கொண்டுபோய்ச் சேரின் மேசையில் விரித்தேன்.

"சேர், இதை மூடினால் இருபத்துமூன்று வள்ளமும் கரையிலை இருக்கவேண்டியதுதான்."

"தரவு என்ன சொல்லுதோ அதைத்தானே நாங்கள் சொல்லலாம்."

"தரவு எங்களாலை நடக்கக்கூடின இடத்தைத்தானே சேர் சொல்லுது."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல விசயம். அதை அடிக்குறிப்பிலை போடும்." போட்டேன். அறிக்கையின் கடைசிக்கு முதல் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில் இன்னும் இருக்கிறது.

சனங்களுக்கு அறிவிக்கிற கூட்டத்துக்குத் தலைவர் முன்வரிசையில் வந்திருந்தார். சேர் வரைபடத்தைச் சுவரில் காட்டி, சட்டப்படி வானும் அதற்குள் அடங்கும் என்று சொல்லி முடிய, அவர் எழும்பி, பொலித்தீன் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். வாசித்தார். ஒரு வரிதான். அதை இரண்டு தரம் வாசித்தார்.

"அது குழாய்ச் சட்டம்!" என்றார் சேர்.

"குழாய் எண்டு கடிதத்திலை இல்லை, சேர். சட்டம் எண்டுதான் கிடக்கு. உங்கடை சீலும் கிடக்கு."

"உங்களுக்கு அண்டைக்கு விளங்கினதுதானே?"

"நாங்கள் படிக்காத ஆக்கள் சேர். எழுதினதைத்தான் வாசிப்பம்."

கூட்டத்தில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, மேசையின் அந்தப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவன். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

கடிதத்தின் பிரதி கொழும்புக்குப் போயிற்று. அங்கே சட்டப் பிரிவில் தமிழ் தெரிந்தவர் இல்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தார்கள். வள்ளம் பார்த்திராத அந்த மனுசன் வானை ஆகாயமாக்கினார். "ஆகாயத்தினுள் சட்டம் இயற்றப்படமாட்டாது." சட்டப் பிரிவு இதை மிகுந்த அக்கறையோடு எடுத்து, ஒதுக்கிடத்துக்கு மேலுள்ள ஆகாயத்தில் எங்களுக்கு அதிகாரம் உண்டா என்று நான்கு பக்கம் எழுதி, எங்கள் கருத்தைக் கேட்டது. அது பிழை என்று சேர் எழுதினார். இரண்டாவது மொழிபெயர்ப்பாளரிடம் போயிற்று. அவர் நடைமுறை தெரிந்தவர்; வானை வாகனமாக்கினார். அந்தக் கோப்பு போக்குவரத்துப் பிரிவுக்குத் திரும்பி, வாகனத்துக்குள் எதை வைக்கக்கூடாது என்று உறுதியளிக்கப்பட்டது, ஏன் என்று சாரதி அண்ணையிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு வந்தது. அவர் என்னிடம் வந்து, "தம்பி, நீர் ஒரு வரி எழுதினீர். நான் ரெண்டு பக்கம் எழுதவேண்டிக் கிடக்கு" என்றார்.

கடைசியில் மூலக் கடிதத்தோடு சங்கத்தைக் கொழும்புக்கு வரச்சொன்னார்கள். வானுக்காக ஒரு வான் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று விசாரிக்கவேண்டிய அதிகாரி லீவில் இருந்தார். திரும்பி வந்தார்கள். இரண்டாம் தரம் போனபோது எழுதிய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

குளிரூட்டிய அறை. அதிகாரி சிங்களத்தில் கேட்க, சங்கம் தன் காசில் பிடித்துவந்த மொழிபெயர்ப்பாளப் பெண் தமிழில் சொன்னாள். எழுதியது நீயா? ஓம். அப்போது உன் மனதில் என்ன இருந்தது, சட்டமா, சதுரமா?

அறையில் ஒரு பக்கம் சேர், அவர் கையில் என் ஒப்பந்தத்தை நீடிக்கிற படிவம். மறுபக்கம் தலைவரும் செயலாளரும், ஊரிலிருந்து உடுத்துவந்த கசங்கிய வேட்டியோடு. சதுரம் என்றால் வான் மூடும். சட்டம் என்றால் நான் பொய்யன். நான் பொய் சொல்லிப் பழகாதவன். அது நல்ல குணம் என்றும் சொல்லமாட்டேன், பழக்கமின்மை, அவ்வளவுதான்.

"முதல் சதுரச் சட்டகம் எண்டுதான் எழுதினனான்" என்றேன். தலைவர் நிலத்தைப் பார்த்தார். "அது விளங்காதெண்டு சட்டம் எண்டு மாத்தி எழுதினனான். தமிழிலை ரெண்டுக்கும் ஒரே சொல். சேர் வாசிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து வைச்சவர். வாசிக்கேக்கை அவருக்கும் தமிழ் தெரியும்."

அந்தப் பெண் மொழிபெயர்த்துக்கொண்டு வந்து, கடைசி வரியில் கொஞ்சம் தடுமாறி, சிரிப்பை அடக்கினாள். அதிகாரி சேரைப் பார்த்தார். வாசித்தீர்களா என்று கேட்டார். வாசிக்கவில்லை என்று சொன்னால் முத்திரைக்கு மானமில்லை. வாசித்தேன் என்றார் சேர். அப்படியானால் இரண்டு பொருள்படுகிற வாக்குறுதி, கொடுத்தவருக்குச் சாதகமாய்ப் போகாது என்று எழுதி, கோட்டை நகர்த்தச் சொன்னார் அதிகாரி.

கோடு கிழக்கே நகர்ந்தது, சேர் விழுந்த கல்லுப் பக்கம். இப்போது முற்றாக மூடப்பட்டிருக்கிற அந்தத் துண்டில் நாங்கள் ஒரு சட்டமும் போட்டதில்லை. உயிர்வளம் மிகுந்தது என்று பலகை நாட்டியிருக்கிறார்கள். மிகுந்திருக்கலாம். யாரும் எண்ணவில்லை. என் ஒப்பந்தம் நீடிக்கவில்லை. சேரின் படிவம் பையிலேயே திரும்பிப் போயிற்று.

கொழும்பிலிருந்து வருகையில் என்னையும் தங்கள் வானில் ஏற்றிக்கொண்டார்கள். எனக்குக் கால்வைக்கிற இடத்தில் ஒரு பானைத் தண்ணீரும் மூன்று பை மரக்கறியும் இருந்தன. புத்தளம் தாண்டியதும் தலைவர் பின்னால் திரும்பினார்.

"நீர் என்னைக் காட்டிக் குடுக்கப் போறீர் எண்டு நினைச்சன்."

"நீங்கள்தான் மாத்தச் சொன்னதெண்டு நான் சொல்லேல்லை, ஐயா. அவர் கேக்கவும் இல்லை."

"படிச்சும் கொஞ்சம் மூளை மிச்சமிருக்கு" என்றார் செயலாளரிடம். பிறகு கைத்தொலைபேசியை அவரிடம் கொடுத்து, "வள்ளக்காரருக்குக் கணக்குச் சொல்லவேணும், செலவைக் கூட்டிப் பாரும்" என்றார். செயலாளர் இரண்டு தர வான் கூலியையும், தாங்களாகப் பிடித்த மொழிபெயர்ப்பாளரின் காசையும், சாப்பாட்டையும், தட்டச்சையும் முணுமுணுத்தபடி அமத்தினார். போட்டோப்பிரதியை மறந்து, திரும்ப முதலிலிருந்து அமத்தினார்.

"எவ்வளவு?"

"இருந்த வானை இருந்த இடத்திலை வைச்சிருக்கவோ?" என்றார் செயலாளர். "ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நூற்றைம்பது ரூபா."